தங்கம் தீர்ந்த ஊரும் தண்ணீர் தேடும் ஊரும்



இந்த மண்டபத்தில் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர்கள் யார் என்று கேட்டால் கணிசமான கைகள் உயரும். பெங்களூரில் தமிழர் கூடும் இடமெல்லாம் அப்படித்தான். இன்று காலையும் மாரிக்குப்பத்தில் புறப்பட்ட ரயில் பங்காருபேட்டை வழியாக ஆயிரக்கணக்கானவர்களை இந்த ஊருக்குக் கொண்டுவந்து இறக்கியிருக்கும். கட்டட மேஸ்திரி, செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி ஊழியர், கடைக் கணக்குப்பிள்ளை, கம்பெனிகளில் தரை துடைக்கிற பெண்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள். இருட்டோடு கிளம்பி இருட்டோடு வீடு திரும்புகிற வாழ்க்கை. அவர்கள் ஊரில் வேலை இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் பேச்சை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் சுரங்கம் வெட்ட வந்தது. தாது வருஷப் பஞ்சம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மவர்கள் மூட்டை முடிச்சோடு போய்ச் சேர்ந்தார்கள். தகரமும் தட்டியும் வைத்த லைன் வீடுகளில் குடியிருந்துகொண்டு பூமிக்குள் இறங்கினார்கள். அந்தச் சுரங்கத்துக்காகவே காவிரியின் சிவனசமுத்திரத்தில் மின்நிலையம் கட்டி, 1902-ல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூர் தெருவிளக்குக்குக் காவிரி மின்சாரம் கிடைத்தது அதற்குப் பிறகு, 1905-ல்தான். முதல் உரிமை தங்கத்துக்கு.

ஆரம்பத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. ஆழம் கூடக் கூட அது குறைந்துகொண்டே வந்தது. குறையக் குறைய இன்னும் ஆழம் போனார்கள். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் சுடும். திடீரென்று பாறை வெடித்துச் சிதறும். எத்தனையோ குடும்பங்கள் அதில் ஆளை இழந்தன. கடைசிக் காலத்தில் ஒரு டன்னுக்குச் சில கிராம்தான் கிடைத்தது. தங்கத்தை எடுக்கிற செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவைச் சாத்தியது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே போனது. ஊரில் தங்கியது தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைடு மேடு. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி இன்றும் சமையலறை வரை வருகிறது.

இதை நான் சோகக்கதையாகச் சொல்லவில்லை. கணக்காகப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தமிழர், தொழிலால் கணக்காளர். தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் செய்து, பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். 1929-ல் காந்தியைச் சந்தித்தார். குஜராத்தின் மாதர் தாலுகாவில் வீடு வீடாகப் போய் விவசாயிகளின் வரவு செலவை எழுதிய பிறகு, பழைய வாழ்க்கைக்குத் திரும்பவே இல்லை. ஜபல்பூர் சிறையில் இருந்தபடி அவர் எழுதிய ‘எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்’ 1945-ல் வெளிவந்தது. ஷூமாக்கர் 1973-ல் எழுதிய, உலகமே படித்த ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ நூலில் குமரப்பாவை எடுத்தாள்கிறார். மதுரைக்குப் பக்கத்தில் கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று, காந்தியின் நினைவு நாளிலேயே, அவர் மறைந்தார். அவர் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட நாம் சொல்லித் தருவதில்லை என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

குமரப்பா சொன்னதன் சாரம் இது. இயற்கை நமக்கு இரண்டு விதமாகத் தருகிறது. நிலக்கரி, பெட்ரோலியம், கனிமம் ஆகியவை இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். ஓடும் ஆறு, வளரும் காடு, விளையும் பயிர் ஆகியவை வரவு. அளவறிந்து எடுத்தால் அடுத்த ஆண்டும் வரும். இருப்பைச் செலவழித்து நடத்தும் வாழ்க்கை தற்காலிகமானது. வரவுக்குள் நடத்தும் வாழ்க்கைதான் நிலைக்கும். இருப்பின் மேல் கட்டிய பொருளாதாரம் போட்டியிலும் பகையிலும் போய் முடியும் என்றும் அவர் எச்சரித்தார். மூலதனத்தை விற்றுக் கிடைத்த பணத்தை லாபம் என்று எழுதுகிற கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார். நாடுகள் மட்டும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கின்றன.

இப்போது பெங்களூருக்கு வருவோம்.

இந்த ஊர் கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் இருக்கிறது. வற்றாத ஆறு ஒன்றுகூட அருகில் இல்லை. விழுகிற மழை வ்ருஷபாவதி, கோரமங்களா-செல்லகட்டா, ஹெப்பாள் என்று மூன்று பள்ளத்தாக்குகளில் வழிந்து ஓடிவிடும். அதனால் இங்கே குடியேறியவர்கள் ஓடுகிற நீரை ஏரியில் நிறுத்தினார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கோடி வழியாக ராஜகாலுவே என்ற பெருங்கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். கோடைக்கு ஏரி வற்றியதும் வண்டலை அள்ளி வயலில் போடுவார்கள். ஏரிக்கு ஆழம், வயலுக்கு உரம். மடையைத் திறந்து மூட நீர்கண்டி என்று ஓர் ஆள் இருப்பார். இந்த ஏற்பாட்டில் நம்மவர் கையும் உண்டு. ஒயிட்ஃபீல்டு அருகே பட்டந்தூர் அக்ரஹாரத்தில் ஏரி வெட்டியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு ராஜேந்திர சோழன் காலத்தது. அதே பட்டந்தூர் அக்ரஹாரத்தில்தான் இன்று ஐ.டி.பி.எல். கட்டடங்கள் நிற்கின்றன.

1537-ல் கெம்பேகவுடர் கோட்டை கட்டியபோதும் ஏரியும் ஊரும் சேர்ந்தே வளர்ந்தன. குமரப்பாவின் சொல்லில், அது முழுக்க முழுக்க வரவுப் பொருளாதாரம். அந்த ஆண்டு மழை எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் சாகுபடி.

அந்த ஏரிகள் எங்கே போயின என்று நம் எல்லோருக்கும் தெரியும். தினமும் அவற்றின் மேல்தான் நடக்கிறோம். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. கரகத் திருவிழாச் சடங்குக்காக ஒரு சின்னக் குளம் மட்டும் அங்கே மிஞ்சியிருக்கிறது. அசோக் நகர் கால்பந்து மைதானம் சூளை ஏரி. 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்த நேஷனல் கேம்ஸ் வில்லேஜ் கோரமங்களா ஏரிப் பரப்பில் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் டி.வி. ராமச்சந்திராவும் குழுவினரும் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வின்படி, 1973-க்கும் 2016-க்கும் இடையே இந்நகரின் நீர்ப்பரப்பில் 79 சதவீதமும் பசுமைப்பரப்பில் 88 சதவீதமும் போய்விட்டன.

ஏரிகளை மூடியபடியே, தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவரும் ஏற்பாடும் நடந்தது. 1894-ல் ஹெசரகட்டா. 1933-ல் திப்பகொண்டனஹள்ளி. இரண்டும் அர்க்காவதி ஆற்றில் கட்டிய நீர்த்தேக்கங்கள். அதுவும் போதாமல் 1974-ல் காவிரி முதல் கட்டம். பிறகு 1982-லும் 1993-லும் அடுத்த இரண்டு கட்டங்கள். நான்காம் கட்டம் இரண்டு பகுதிகளாக 2002-லும் 2012-லும். ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. அது மட்டுமே நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, தொரெகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாத்தகுணி என்று மூன்று இடங்களில் பம்ப் செய்து, ஏறத்தாழ 500 மீட்டர் மேலே ஏற்ற வேண்டும். ஆயிரம் லிட்டரை அந்த உயரத்துக்கு ஏற்ற, மோட்டாரில் சிறு இழப்பும் இல்லையென்று வைத்தாலும், 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். ஐந்து கட்டங்களும் சேர்ந்து முழு அளவில் ஓடும்போது நாளொன்றுக்கு முப்பது லட்சம் யூனிட்டுக்குக் குறையாது. குழாயைத் திறக்கும்போது நாம் திறப்பது ஒரு மின்நிலையத்தையும் சேர்த்துத்தான்.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. அதைப் பெங்களூர்த் தமிழர்தான் நிதானமாகப் பேச முடியும். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு 14.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தது. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. தமிழ்நாட்டின் பங்கு 192-லிருந்து 177.25 ஆனது. குடிநீருக்கு முன்னுரிமை சரிதான். அதை நான் மறுக்கவில்லை. பெங்களூரில் வேலையும் திருவாரூரில் நிலமும் வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். ஆறாம் கட்டம், மேகதாது அணை என்று பேச்சு தொடர்கிறது. மாண்டியா விவசாயியும் டெல்டா விவசாயியும் எதிரெதிர் நின்று சண்டையிட, நடுவில் நகரத்தின் தாகம் மட்டும் எந்த நீதிமன்றத்திலும் எல்லை காட்டப்படாமல் வளர்கிறது. இந்த நகரத்துக்கு எவ்வளவு போதும் என்று ஒரு முறையாவது யாராவது கேட்டார்களா?

2024 மார்ச்சில் அதற்கான பதில் வீட்டு வாசலுக்கே வந்தது. முந்தைய ஆண்டு மழை பொய்த்து, மாநிலத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சிப் பகுதியென அறிவிக்கப்பட்டிருந்தன. நகரத்துக்கு நாளொன்றுக்கு 260 கோடி லிட்டர் தேவை. காவிரியிலிருந்து 145, போர்வெல்லிலிருந்து 65, துண்டு விழுவது 50 கோடி என்று முதலமைச்சரே கணக்குச் சொன்னார். அரசின் 13,900 போர்களில் ஏறத்தாழ 6,900 வறண்டுவிட்டன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம். 12,000 லிட்டர் டேங்கருக்கு, ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று விலைக்கட்டுப்பாடு வந்தது.

அந்த நாட்களில் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அடுக்குமாடி வாசலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். டேங்கர் பின்புறமாக வந்து நின்றது. கிளீனர் பையன் பச்சை ஓஸை இழுத்துக்கொண்டுபோய் சம்ப்புக்குள் விட்டான். தண்ணீர் கலங்கலாக இறங்கியது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் நோட்டில் லாரி நம்பரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டிருந்தார். ஓஸ் இணைப்பில் ஒழுகிய தண்ணீரை ஒரு பெண் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் வீட்டு வேலை செய்கிறவர். அவர் குடியிருக்கும் தெருவில் தெருக்குழாய் நின்றுபோயிருந்தது. ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் இருபது லிட்டர் தரும் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு கேன் என்று சொல்லிவிட்டார்களாம். “குடிக்க அது போதும் சார், துவைக்க என்ன பண்றது?” என்றார்.

அந்த டேங்கர் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஊர் எல்லையில் ஒரு காலத்தில் ராகி விளைந்த நிலத்தில், ஆயிரம் அடிக்கு மேல் போட்ட போரிலிருந்து. பெங்களூர் நிற்பது கெட்டிப் பாறை மேல். மேலே உள்ள இளகிய மண்ணும் உளுத்த பாறையும்தான் மழைநீரைப் பஞ்சாய் உறிஞ்சி வைப்பவை. அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் தேங்கி நிற்பது பழைய நீர். ஓர் ஆண்டு மழை அதை நிரப்பாது. இப்போது தங்கவயலை நினைத்துப் பாருங்கள். 200 அடியில் கிடைக்காவிட்டால் 500, அதிலும் இல்லையென்றால் 1,000. ஆழம் கூடும், பலன் குறையும், செலவு ஏறும். குமரப்பா இருப்பு என்று சொன்னதை நாம் தண்ணீராக எடுத்துக் கழிவறையில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். பெங்களூர் நகர மாவட்டத்தில் ஆண்டுதோறும் நிலத்துக்குள் இறங்குவதைவிட எடுப்பது அதிகம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமும் சொல்கிறது.

டேங்கர் ஓடினால் டீசல் விற்கும், டிரைவருக்குச் சம்பளம் கிடைக்கும், போர் போடும் வண்டிக்கு வேலை கிடைக்கும். அத்தனையும் நாட்டின் மொத்த உற்பத்தியில் வரவாக ஏறும். ஏரி ஒழுங்காக இருந்து கிணற்றில் நீர் ஊறினால் அந்தக் கணக்கில் ஒரு காசும் ஏறாது. 1934-ல் அமெரிக்காவுக்காகத் தேசிய வருமானக் கணக்கை வகுத்துக் கொடுத்த சைமன் குஸ்னெட்ஸே, ஒரு நாட்டின் நலத்தை இந்த எண்ணிலிருந்து ஊகிக்க முடியாது என்று அதே அறிக்கையில் எச்சரித்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

‘அப்படியானால் வளர்ச்சியே வேண்டாம் என்கிறீர்களா?’ என்று இளைஞர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தங்கவயல் மூடியபோது நம் பிள்ளைகளைக் காப்பாற்றியது இந்த நகரத்தின் வளர்ச்சி. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலையிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கியிருக்கின்றன. கார்மெண்ட்ஸ் வேலையில் முதன்முதலாகத் தன் பெயரில் பேங்க் கணக்குத் தொடங்கிய பெண்ணிடம் போய்ப் போதும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஓஸ் ஒழுகலில் குடம் பிடித்த பெண்ணுக்கு இன்னும் தண்ணீர் வேண்டும், இன்னும் வீடு வேண்டும், இன்னும் கூலி வேண்டும். அது வளர்ச்சிதான், அது நடந்தே தீர வேண்டும். நான் எதிர்ப்பது எல்லையில்லாத வளர்ச்சியை. இருப்பைத் தின்று, அதற்கும் லாபம் என்று பெயர் எழுதி, பில்லைப் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்புகிற வளர்ச்சியை. ஏழையின் தேவை நிறைவேறுவதற்கு முன்னால் வசதி படைத்தவனின் ஆசைக்கு நிலமும் நீரும் போவதைக் குமரப்பா ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. நீச்சல்குளமும் புல்வெளியும் வைத்த வில்லாக்காரருக்கும், கேன் வாங்க வரிசையில் நிற்பவருக்கும் ஒரே சிக்கன உபதேசம் செய்வது நியாயமில்லை.

வரவுக்குள் வாழ முடியுமா என்று பார்ப்போம். பெங்களூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்றின் மேல் மட்டும் ஓர் ஆண்டில் விழுவது ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம். ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும், நான்கு பேர் குடும்பம் ஆளுக்கு நூறு லிட்டர் வீதம் செலவழித்தால், வருடத் தேவையில் பாதிக்கு மேல் அதிலேயே கிடைக்கும். மழைநீர் சேகரிப்பு 2009 முதல் இங்கே சட்டம். ஆனாலும் அபராதத்தையே மாதாமாதம் கட்டிவிட்டுப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

பரம்பரையாகக் கிணறு வெட்டும் மண் வட்டர் சமூகத்தார், நம் பக்கம் ஒட்டர் என்போமே, இந்த ஊரைச் சுற்றி இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து பத்து லட்சம் கிணறு என்ற இயக்கத்தைப் பயோம் என்ற அறக்கட்டளை நடத்துகிறது. மூன்றடி விட்டத்தில், இருபது முப்பது அடி ஆழத்தில் சிமெண்ட் உறை இறக்கிய கிணறு. கூரை நீரும் தெரு நீரும் வடிகட்டி அதற்குள் போகும். சில மழைக்காலம் கழிந்தால் பல இடங்களில் அந்தக் கிணற்றிலேயே நீர் நிற்கிறது. கப்பன் பார்க்கின் பழைய கிணறுகளையும் அவர்கள்தான் தூர் வாரி உயிர்ப்பித்தார்கள். ஜக்கூர் ஏரிக்குச் சுத்திகரித்த கழிவுநீர் நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்பு வழியாகப் போய்ச் சேர்கிறது. மீன் பிடிக்கிறார்கள், பறவை வருகிறது, அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர் ஏறியிருக்கிறது. கைகொண்டனஹள்ளியையும் புட்டேனஹள்ளியையும் அங்குள்ள குடியிருப்பாளர்களே விடாமல் நின்று மீட்டார்கள்.

மறுபுறம் பெல்லந்தூர். தொள்ளாயிரம் ஏக்கர் ஏரி, 2015-ல் நுரை பொங்கி ரோட்டுக்கு வந்தது. 2017-லும் 2018-லும் தீப்பிடித்து எரிந்தது. அதன் நீர் வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகவே வந்து நிற்கிறது. நாம் குளித்துத் துவைத்த சோப்பை கிருஷ்ணகிரி மாவட்டத்து விவசாயி வயலில் வாங்கிக்கொள்கிறார்.

கோலாரில் என் பேச்சைத் தொடங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர், நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை என்ற திட்டத்தில், குழாய் வழியாகக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் போகிறது. முதலில் லக்ஷ்மிசாகர் ஏரி, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கு மேல். வறண்டு கிடந்த கிணறுகளில் நீர் வந்ததாக விவசாயிகள் சொல்கிறார்கள், நான் மகிழ்கிறேன். ஒரு முறை பயன்படுத்திய காவிரி இரண்டாவது முறை ஏரியை நிரப்புவது, குமரப்பா பார்த்திருந்தால் பாராட்டியிருக்கக்கூடிய காரியம். ஆனால் அந்த நீருக்கு இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு மட்டும்தான் நடக்கிறது. குடிக்கும் கிணறுகளிலும் அது ஊறுகிறது என்பதால் மூன்றாம் நிலையும் வேண்டும் என்று கோலார்க்காரர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்கிறார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். நூற்றிருபது ஆண்டுகள் தங்கத்தைக் கொடுத்து சயனைடு மேட்டைப் பெற்ற மாவட்டம், இம்முறையாவது சுத்தமானதைப் பெற உரிமையுள்ளது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இந்த அவை மூலமாக வைக்கிறேன். புதிய லேஅவுட்டுக்கும் அடுக்குமாடிக்கும் அனுமதி கேட்கும்போது, அந்த நிலத்தின் மழையும் அங்கேயே திரும்பப் பயன்படுத்தும் நீரும் சேர்ந்து எத்தனை குடும்பத்துக்குப் போதுமோ அத்தனைக்கே அனுமதி என்று விதி வரட்டும். ‘காவிரி வந்துவிடும்’ என்ற வாக்குறுதியின் மேல் இனி ஒரு மாடியும் எழக்கூடாது. ஒவ்வொரு வார்டிலும் நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்பதை, பெட்ரோல் விலை போல, மக்கள் பார்க்கும் இடத்தில் மாதாமாதம் எழுதி வைக்கட்டும். கோலாருக்குப் போகும் நீருக்கும் ஓசூர் பக்கம் இறங்கும் நீருக்கும் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு செய்ய ஆகும் செலவை நம் தண்ணீர்க் கட்டணத்தில் சேர்க்கட்டும். ஆளுக்கு இவ்வளவு என்ற அடிப்படை அளவுக்குள் செலவழிக்கும் ஏழை வீடுகளுக்கு விலக்கு அளித்துவிட்டு, மிஞ்சிச் செலவழிப்பவர்களிடம் ஏறுமுகமாக வாங்கட்டும். என் வீட்டு பில்லில் அது கூடினால் நான் கட்டத் தயார். உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுவர முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். மாரிக்குப்பம் ரயிலுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கேள்வி கேட்கலாம்.